அரசரிடம் போனால்தான் சேவ்!

கேம்ஸ் என்றதும் விரல் வேகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஜப்பானிய ஆர்.பி.ஜி. கேம்களின் ஆரம்ப காலத்தில் அதற்கு வேலையே இல்லை. எதிரி வந்து நிற்பான். தாக்கு, மந்திரம், தப்பி ஓடு என மெனு விரியும். காபி குடித்துவிட்டு வந்துகூட தேர்வு செய்யலாம்.

இந்த வகையை அங்கே பிரபலமாக்கியது, 1986ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்த 'டிராகன் குவெஸ்ட்'. அமெரிக்காவின் 'அல்டிமா', 'விசார்ட்ரி' கம்ப்யூட்டர் கேம்களை ரசித்து ஆடிய யூஜி ஹோரி, கீபோர்டு இல்லாத கருவிக்கு ஏற்ப எளிமையாக்கி இதை வடிவமைத்தார். ஹீரோ இறந்தால் 'கேம் ஓவர்' கிடையாது. தங்கத்தில் பாதி போகும். அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். பொறுமையுள்ள யாரும் முடித்துவிடலாம்.

சரி, கருவியை ஆஃப் செய்தால்? கேட்ரிட்ஜில் இருந்தது 64 கேபி ரோம் மட்டுமே. சேவ் செய்ய இடமில்லை. எனவே ஹீரோவின் நிலை, தங்கம், ஆயுதம் எல்லாவற்றையும் 20 ஹிரகானா எழுத்துகளாக மாற்றிச் சொல்வார் அரசர். நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் (1987) இது 52 எழுத்து வரை நீண்டது. ஓர் எழுத்து பிழையானாலும் அத்தனை மணி நேர உழைப்பும் அம்பேல்! மூன்றாம் பாகத்தில் (1988) பேட்டரியுடன் கூடிய மெமரி வந்தது.

தொல்லைதான். ஆனால் 'இன்னொரு குகைக்குள் போகலாமா, அரசரிடம் திரும்பிவிடலாமா' என்ற தவிப்பு அதனால்தான் வந்தது. ஆட்டோசேவ் வந்தபின் அந்தப் பயம் போய்விட்டது. என்னைப் பொறுத்தவரை பாதி சுவையும் கூடவே போயிற்று.

மூன்றாம் பாகத்தின் 2024 மறுபதிப்பு விண்டோஸிலும் இயங்கும். ஆட்டோசேவை நாடாமல் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.