கடல் இல்லாத ஊரில் கொள்ளைக் கப்பல்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கிருஷ்ணன்கோவிலில் இருந்து கிழக்கே போனாலும், மலையைத் தாண்டி மேற்கே போனாலும், நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். ஆனாலும் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் பேரைச் சொல்லிப் பாருங்கள், இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கப்பலையும் கத்திச்சண்டையையும் நேரில் பார்த்தது மாதிரி விவரிப்பார்கள். எம்.ஜி.ஆர். மேல் உள்ள பாசம் ஒரு காரணம். 1977இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதலமைச்சராக்கியது பக்கத்து அருப்புக்கோட்டைதான். சாகசக் கதை மேல் இந்த வட்டாரத்துக்கு இருக்கும் ஈர்ப்பையும் சொல்ல வேண்டும். இரும்புக்கை மாயாவியைத் தமிழுக்குக் கொண்டுவந்த முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில்தான் தொடங்கியது. ஆனால் கடற்கொள்ளையன் படம் பிடித்துப்போவதற்குக் காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

1965 ஜூலையில் வந்த அந்தப் படத்தைத் தயாரித்து இயக்கியவர் பி.ஆர். பந்துலு. அதற்கு நாலு வருடம் முன்னால் இதே பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்திருந்தார். தூத்துக்குடியில் வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதை. நிஜக் கப்பல், நிஜத் தியாகம், சிவாஜி உயிரைக் கொடுத்து நடித்த வேடம். போட்ட காசு திரும்பவில்லை. கற்பனைத் தீவையும் கற்பனைக் கொள்ளையரையும் வைத்து எடுத்ததோ ஓடு ஓடென்று ஓடியது. ஜனங்களுக்கு வரலாறு பிடிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. வ.உ.சி. கதையில் கப்பல் கடைசியில் கைவிட்டுப் போகிறது, அவர் சிறையில் செக்கிழுக்கிறார். ஒரு தடவை பார்த்து அழலாம். மூன்றாம் தடவை டிக்கெட் எடுக்க மனசு வராது.

மற்றக் கதையைப் பாருங்கள். நெய்தல் நாட்டு வைத்தியன் மணிமாறன், கலகக்காரர்களின் காயத்துக்கு மருந்து போட்ட குற்றத்துக்காக ராஜத்துரோகி ஆக்கப்பட்டு, கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். தீவை ஆள்பவர் நம்பியார். இளவரசி பூங்கொடி, ஜெயலலிதா, எம்.ஜி.ஆரோடு அவருக்கு அதுதான் முதல் படம். அடிமைகள் தப்பிக்கிறார்கள், தப்பித்த கையோடு கொள்ளையர் பிடியில் சிக்கிக் கொள்கிறார்கள்.

இந்தக் கதை 1935இல் எரால் ஃபிளின் நடித்த 'கேப்டன் பிளட்' படத்தில் இருந்து வந்தது. அந்தப் படம் ரஃபேல் சபாட்டினி 1922இல் எழுதிய நாவலில் இருந்து. நாவலுக்குப் பின்னால் ஒரு நிஜ வைத்தியரும் இருக்கிறார். 1685இல் இங்கிலாந்து அரசனுக்கு எதிராக நடந்த கலகத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த ஹென்றி பிட்மன், பார்படாஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து படகில் தப்பித்து, நடந்ததை எழுதியும் வைத்தார்.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். முதலில் அநியாயம், அடுத்து அடிமைத்தனம், அதற்கப்புறம்தான் கொள்ளைக் கப்பல். கதாநாயகன் கத்தியை எடுப்பதற்கு முன்பே சட்டம் அவனைக் கைவிட்டாகிவிட்டது. அதனால் அவன் கொள்ளையனாக நின்றாலும் பார்க்கிறவர் மனசு உறுத்துவதில்லை. நாம் ரசிப்பது கொள்ளையை அல்ல, கட்டு அறுவதை. முதலாளியும் கணக்கப்பிள்ளையும் காவலும் கரையிலேயே நின்றுவிட, நேற்றுவரை அடிமையாய் இருந்தவன் சுக்கானைப் பிடிக்கிறான். கூலிக்கு உழைத்து வந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கப்பல் தளத்தில் வரும் கண்ணதாசனின் விடுதலைப் பாட்டு, கடலைப் பார்க்காதவர் வாயிலும் நின்றுபோனது இதனால்தான்.

கப்பலே ஒரு நல்ல சண்டைக்களம் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். தரையில் கத்திச்சண்டை முன்னும் பின்னுமாக நடக்கும். கப்பலில் மேலும் கீழுமாகவும் நடக்கும்: பாய்மரம், கயிறு, ஏணி. ஓடி ஒளிய இடமில்லை, சுற்றிலும் தண்ணீர். 1926இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் 'தி பிளாக் பைரேட்' படத்தில் பாய்மரத் துணியில் கத்தியைக் குத்தி, துணி கிழியக் கிழியச் சறுக்கி இறங்கினார். அந்த வித்தையைப் பின்னால் வந்தவர்கள் இன்னும் விடவில்லை.

நிஜக் கொள்ளையர் எப்படி? பாதி உண்மைதான் படத்தில் வருகிறது. 1700ஐ ஒட்டிய காலத்தில் வணிகக் கப்பல் மாலுமிக்குக் கிடைத்தது அடியும் அரைவயிற்றுச் சோறும். கொள்ளைக் கப்பலிலோ பல இடங்களில் தலைவனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், கிடைத்ததை ஒப்பந்தப்படி பங்கு வைத்தார்கள், கையோ காலோ போனவனுக்குத் தனித்தொகை கொடுத்தார்கள். மறுபாதி கொடூரம். 1695இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயன், ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலை மடக்கினான். மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பியவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களைச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். பாட்டுப் பாடும் கொள்ளையர்களோடு இந்தக் காட்சி ஒட்டாது, அதனால் சினிமா இதைத் தொடுவதே இல்லை. நம்ம ஊர்க் கதைகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தாண்டின. மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயைக் கொள்ளையன் என்று எழுதியது ஆங்கிலேயக் கம்பெனி. சாண்டில்யனோ 'ஜல தீபம்' நாவலில் அவரை வீரராகவே காட்டினார்.

அநியாயத்தை மறந்துவிட்டுக் கப்பலை மட்டும் காட்டும் படங்கள் பெரும்பாலும் மூழ்கிவிடும் என்பது என் கணக்கு. 1995இல் வந்த 'கட்த்ரோட் ஐலண்ட்' பணத்தைக் கொட்டி எடுத்தும் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. 2003இல் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' ஜெயித்தபோது, ஜாக் ஸ்பாரோவின் கோமாளித்தனத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் அவனும் சொந்தக் கப்பலை ஏமாந்து பறிகொடுத்தவன்தான்.

'ஆயிரத்தில் ஒருவன்' 2014 மார்ச்சில் டிஜிட்டலாக மெருகேற்றப்பட்டு மறுபடி வெளியாகி, சென்னையில் 25 வாரங்களைத் தாண்டியது. பூங்கொடியாக நடித்தவர் அப்போது முதலமைச்சர். விழுந்த கைதட்டலில் அரசியலுக்கும் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. அதற்காக ஒரே படம் அரை வருடம் ஓடிவிடாது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் 'கேப்டன் பிளட்', அடுத்து 'ஆயிரத்தில் ஒருவன்' என்று பார்க்கலாம். ஆங்கிலப் படத்தில் நாயகனுக்கு மன்னிப்பு கிடைத்து, கடைசியில் ஜமைக்காவின் கவர்னராகவே உட்காருகிறான். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் நிஜத்தில் உழைத்துச் செத்த ஆப்பிரிக்க அடிமைகளைப் பற்றிப் படத்துக்குக் கவலையில்லை. தமிழ்ப் படத்தில் தனக்கு மட்டும் விடுதலை என்றால் மணிமாறனுக்கு வேண்டாம். அந்தக் கப்பல் பாட்டு வரும்போது எம்.ஜி.ஆரை ஒரு நிமிஷம் விட்டுவிட்டு, அவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள்.