விளையாட விடும் மழை அங்கி

அக்டோபர் பிறந்துவிட்டால் தமிழகத்துக் கடைவீதிகளில் குழந்தைகளுக்கான மழை அங்கிகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. பள்ளிக்குச் செல்லும் வழியில் சீருடையும் புத்தகப் பையும் நனையக் கூடாது என்பதே பெற்றோரின் முதல் கவலை. அந்த அங்கியை அணிந்துகொண்டு குழந்தை ஓட முடியுமா, குனிய முடியுமா, ஊஞ்சல் கயிற்றைப் பற்ற முடியுமா என்று பார்த்து வாங்குவோர் அரிது. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. இந்த மாதங்களில் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், ஆண்டில் கால் பங்கு விளையாட்டை அவர்கள் இழக்கிறார்கள். ஆகவே, விளையாட்டையும் மனத்தில் கொண்டு மழை அங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்ற அச்சம் இதற்குத் தடையாக வரும். சளியைத் தருபவை தீநுண்மிகள். அவை காற்றோட்டமில்லாத அறைக்குள் பலர் நெருங்கி இருக்கும்போது எளிதில் பரவுகின்றன. ஆயினும் ஈர உடையோடு நெடுநேரம் இருப்பது உடல் வெப்பத்தைக் குறைக்கும். ஆஸ்துமா போன்ற தொல்லை உள்ள குழந்தைகளுக்கு மருத்துவரின் ஆலோசனை தேவை. மற்றவர்களுக்குத் தேவை, ஏற்ற உடையும் விளையாடி முடித்ததும் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணியும்தான்.

ஏற்ற உடை எது? 1823-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கின்டாஷ் இரு துணிகளுக்கு இடையே ரப்பரைப் பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். அத்துணி மழையை உள்ளே விடவில்லை. வியர்வையை வெளியேயும் விடவில்லை. இன்றைய தடித்த பிளாஸ்டிக் அங்கிகளிலும் அதே குறை உள்ளது. குளிர்நாட்டில் அது பொறுக்கத் தக்கது. சென்னையிலோ நவம்பர் மாதப் பகல் வெப்பம்கூட 29 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. ஓடியாடும் குழந்தை கால் மணி நேரத்தில் உள்ளே வியர்வையால் நனைந்துவிடும். பிறகு அங்கியைக் கழற்றி எறிந்துவிடும். நம் கிராமங்களில் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணி, முன்புறம் திறந்திருந்ததால் காற்றுக்கு வழிவிட்டது. சமவெளியில் வாழும் குழந்தைக்கு, உட்புறம் நீர்த்தடைப் பூச்சு கொண்ட மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் அங்கியே ஏற்றது. அக்குளிலோ முதுகு மடிப்பிலோ காற்றுத் துளைகள் இருத்தல் நலம். உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே கால்சட்டையோடு கூடிய முழு அங்கியும், உள்ளே கம்பளி உடையும் வேண்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிரை மிகுவிக்கும்.

சில அங்கிகளின் சீட்டில் மில்லிமீட்டர் கணக்கு ஒன்று காணப்படும். துணியின்மீது எவ்வளவு உயர நீர்த்தம்பத்தை நிறுத்தினால் நீர் கசியத் தொடங்கும் என்பதன் அளவு அது. அது 1,500-க்கு மேல் இருந்தால் சாதாரண மழையைத் தாங்கும். ஆனால் துணி எவ்வளவு சிறந்ததாயினும் தையலில் உள்ள ஊசித்துளைகள் வழியே நீர் இறங்கும். அங்கியை உட்புறமாகத் திருப்பி, தையல்களின்மீது பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். நீண்ட விளிம்பு காலை இடறும். நீண்ட கை, பிடியை நழுவவிடும். ஓர் அளவு பெரிதாக இருந்தால் போதும். குழந்தையை அழைத்துச் சென்று இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள்; குந்தி எழச் சொல்லுங்கள். இரண்டும் தடையின்றி நடந்தால் அந்த அங்கி விளையாட்டுக்கு உதவும்.

தலைமூடி குழந்தையின் பக்கப் பார்வையை மறைக்கக் கூடாது. கழுத்திலோ தலைமூடியிலோ இழுகயிறு உள்ள அங்கியைத் தவிர்க்க வேண்டும். சறுக்குமரத்திலும் பேருந்துக் கதவிலும் கயிறு சிக்கி உயிர்ச்சேதம் நேர்ந்ததால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இலேயே இதற்கு எதிரான வழிகாட்டுதலை வெளியிட்டது. கயிற்றுக்குப் பதில் பொத்தானோ ஒட்டுப் பட்டையோ போதும். சாம்பல், கருநீலம், கறுப்பு ஆகியவையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கும் மழையில் வாகன ஓட்டியின் கண்ணுக்கு எளிதில் புலப்படா. மஞ்சளும் ஆரஞ்சும் தொலைவிலேயே தெரியும்.

கால்களுக்கு, பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு சமவெளியில் போதுமானது. முழங்கால் வரை வரும் பூட்ஸுக்குள் நீர் நிறைந்தால் ஓட இயலாது. ஆனால் எந்தக் காலணியும் தெருவில் தேங்கிய நீரில் விளையாடுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி சிறு கீறல் வழியே உடலில் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். மூடியில்லாச் சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் அந்த நீரடியில் மறைந்திருக்கலாம். தூறலில் விளையாட ஏற்ற இடம் வீட்டு முற்றமோ, நீர் தேங்காத மைதானமோதான். இடி கேட்டால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும்; கடைசி இடி முழங்கி 30 நிமிடங்கள் கழிந்த பின்பே மீண்டும் வெளியே விட வேண்டும். மின்னலிடமிருந்து எந்த அங்கியும் காக்காது.

அங்கியை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை படரும். கொடிய வெயிலும் இஸ்திரிப்பெட்டியும் பூச்சை உரித்துவிடும். நிழலில், உட்புறம் வெளியே தெரியுமாறு தொங்கவிட்டால் அடுத்த பருவத்துக்கும் உழைக்கும். குழந்தை வளர்ந்துவிட்டால் தம்பி, தங்கைக்கோ அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ பயன்படும்.

இவை எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. கடையில் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்று, தையலையும் கயிற்றையும் அளவையும் சோதித்தால் போதும். அதன்பின், இடியில்லாத ஒரு மாலைத் தூறலில் "வெளியே போகட்டுமா?" என்று குழந்தை கேட்கும்போது, போய் வா என்று நாம் துணிந்து சொல்லலாம்.