ஏவும் உரிமை யாருக்கு?

அலுவலக எழுத்தர் ஒருவர் நாள் முழுவதும் மௌஸைப் பிடித்துச் செய்யும் வேலையை, எழுத்துகள் மட்டுமே தோன்றும் கன்சோல் நிரல் ஒன்று சில நிமிஷங்களில் செய்து முடித்துவிடும். எக்ஸெலைத் திறந்து பில்களைப் பதிவதற்கும், அவுட்லுக் வழியே நூறு பேருக்குக் கடிதம் விடுப்பதற்கும் அதற்குச் சில வரிகளே போதுமானவை. ஏவப்படும் மென்பொருளே திறந்துவைத்திருக்கும் ஆட்டோமேஷன் வழியாகவோ, அதன் ஜன்னலுக்குச் செய்தி அனுப்பியோ, விசைகளை நாமே அழுத்தியதுபோலப் பாவனை செய்தோ அந்நிரல் தன் காரியத்தைச் சாதிக்கிறது. எவ்வழியில் வந்தாலும் கட்டளை நம் கணக்கின் பெயரால் வருவதால், அதை இட்டது நம் கையா, அந்நியனின் நிரலா என்று மென்பொருள் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அந்தச் சௌகரியத்திலேயே அபாயமும் அடங்கியிருக்கிறது.

அந்த அபாயம் எத்தகையது என்பதை உலகம் கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. 1999 மார்ச்சில் பரவிய மெலிஸா வைரஸ், வேர்டு ஆவணத்துள் ஒளிந்திருந்த மேக்ரோ என்னும் சிறுநிரலால் அவுட்லுக்கை ஏவி, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ ஸ்கிரிப்டோ, காதல் கடிதம் என்ற பெயரில் வந்து, திறந்த மாத்திரத்தில் அதே அவுட்லுக்கை ஏவிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் பரவியதோடு, படக் கோப்புகளையும் நாசமாக்கிற்று. அறிந்தவர் பெயரில் வந்த கடிதமாயிற்றே என்று நம்பியவர்களே அதற்கு இரையானார்கள். சந்தேகிக்கப்பட்ட இளைஞர்மீது தொடுத்த குற்றச்சாட்டுகள், செயல் நிகழ்ந்தபோது அந்நாட்டில் அதற்குரிய சட்டம் இல்லாமையால் கைவிடப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் இயற்றப்பட்ட சட்டத்தால் நடந்து முடிந்ததைத் தண்டிக்க இயலவில்லை.

இந்தியப் பிரஜைக்குச் சட்டமே இல்லாத அந்தக் கதி இல்லை. 2000 அக்டோபர் 17 முதல் அமலில் உள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகினாலும், தகவலைப் பிரதியெடுத்தாலும், வைரஸைப் புகுத்தினாலும் நஷ்டஈடு கோரும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்குகிறது. அச்செயல்களை வஞ்சக எண்ணத்தோடு செய்தவருக்கு 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அலுவலகக் கணினியில் நல்லெண்ணத்தோடு ஆட்டோமேஷன் நிரல் எழுதும் ஊழியரும் அனுமதி பற்றிய இந்த விதியை நினைவில் கொண்டு, பொறுப்பாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வதே விவேகம்.

இக்காலத்து வஞ்சகர்களோ, நிரலை ஏவும் சிரமத்தைக்கூட நம்மிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்’ என்று கேட்கும் போலிப் பக்கம், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் தான் நமக்குத் தெரியாமல் நகலெடுத்துவைத்த வரியை ஒட்டி, என்டர் தட்டச் சொல்கிறது. சொன்னபடி செய்தவர், தம்மை அறியாமலே விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரு கட்டளையை ஓட்டி, சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.

தற்காப்புகள் இல்லாமல் இல்லை. 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, குறைந்த அதிகாரமுடைய நிரல் உயர்ந்த அதிகாரமுடைய நிரலின் ஜன்னலுக்குத் தன்னிஷ்டப்படி கட்டளை அனுப்ப முடியாது. 2018-இன் மேக் ஓஎஸ் மொஹாவேயிலிருந்து, ஒரு செயலி மற்றொன்றை ஏவுமுன் நம் அனுமதி கேட்கப்படுகிறது. இணையத்திலிருந்து வரும் ஆவணங்களின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. ஆயினும், படிக்காமல் கையெழுத்திட்ட பவர் பத்திரம் போல, யோசியாமல் தட்டிய ஓர் ‘ஓகே’ இத்தனை காவலையும் வீணாக்கிவிடும். ஆகவே அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். கோப்புப் பெயரின் கடைசி நீட்டிப்பு கண்ணுக்குத் தெரியும்படி அமையுங்கள். பொருள் விளங்காத கட்டளையை யார் சொன்னாலும் ஒட்டாதீர்கள்.

மீறி விபரீதம் நேர்ந்துவிட்டால், முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். சாட்சியம் அழிந்துபோகுமாதலால் கணினியை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்ய வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017-இல் பிறப்பித்த விதிகளின்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை. அவரது கவனக்குறைவே காரணமாயினும், தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியையே சேரும். ஐந்து கோடி ரூபாய் வரையிலான நஷ்டஈட்டுக் கோரிக்கையை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம், அவர் நியாயத் தீர்ப்பு அதிகாரி என்ற முறையில், மனுவாக அளிக்கலாம். ஏமாந்தோமே என்ற வெட்கத்தால் மௌனமாகக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் வஞ்சகனுக்கே அனுகூலம். குற்றம் ஏமாற்றியவனுடையது, ஏமாந்தவருடையதன்று என்ற தெளிவோடு, உடனே புகார் செய்யுங்கள்.