தோள் நோகாமல் அலை பிடிக்க…

சர்ஃபிங் என்றதும் அலைமேல் நின்று சறுக்கும் படம்தான் கண்முன் வரும். உண்மையில் அப்படி நிற்கக் கிடைப்பது சில விநாடிகள். கடலில் இருக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி, பலகையில் குப்புறப் படுத்து இரு கைகளாலும் தண்ணீரைத் துழாவுவதிலேயே போய்விடும். மீதியில் பெரும்பகுதி அலைக்கான காத்திருப்பு. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ ஞாயிறு காலை பலகையோடு இறங்கியவர், திங்களன்று தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அது இந்தத் துழாவலின் வேலை.

படுப்பதில் இருக்கிறது பாதி

கையைத் திருத்துவதற்கு முன் உடம்பு கிடக்கும் இடத்தைப் பாருங்கள். அதிகம் முன்னால் போனால் பலகையின் மூக்கு நீரில் குத்தும். பின்னால் போனால் மூக்கு வானம் பார்க்கும். எவ்வளவு துழாவினாலும் பலகை நகராது, தோள்தான் களைக்கும். மூக்கு நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே நிற்கும் இடமே சரி. கால்கள் சேர்ந்திருக்கட்டும். நெஞ்சை மேல்முதுகின் பலத்தால் சற்றே தூக்குங்கள். கழுத்தை மட்டும் நிமிர்த்துவதும் இடுப்பை ஒடித்து வளைப்பதும் வேண்டாம்.

எங்கே நசுங்குகிறது?

தோள்மூட்டின் பந்தைக் கிண்ணத்தில் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறு தசைகள். அவற்றில் ஒன்றின் தசைநாண், தோள்பட்டை எலும்பின் முனைக்கு அடியிலுள்ள குறுகிய சந்து வழியாகப் போகிறது. கட்டைவிரல் கீழ்நோக்கும்படி உள்பக்கம் திருகிய கையை மேலே தூக்கும்போது அந்தச் சந்து இன்னும் குறுகும். நூற்றுக்கணக்கான முறை இப்படியே வீசினால் நாண் உரசி வீங்கும். நெஞ்சு பலகையோடு ஒட்டிக் கிடந்தால் கை இன்னும் உயர வேண்டியிருக்கும், உரசலும் கூடும். நாள் முழுக்கக் கணினிமுன் கூனி உட்காருபவர்களுக்குத் தோள் ஏற்கெனவே முன்னால் சரிந்திருக்கும். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புதியவர்களிடம் ‘வேகமா, வேகமா’ என்று கத்துவதைவிட ‘நெஞ்சைத் தூக்கு’ என்று சொல்வது பயன் தரும் என்பது என் கட்சி.

ஓர் இழுப்பு, மெதுவாக

பலகையின் விளிம்பை ஒட்டி, தலைக்கு முன்னால், விரல்நுனி முதலில் நீரில் இறங்கட்டும். விரல்களை இறுக்கிச் சேர்க்க வேண்டாம். இயல்பான சிறு இடைவெளி இருக்கலாம். முழங்கையைச் சற்று உயர்த்தி மடக்கினால் உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ளும். இழுப்பு இடுப்புவரை போகட்டும். பிறகு முழங்கை முதலில் வெளியே வரும், கை தளர்வாக முன்னே திரும்பும். விலாவின் பின்புறம் விரிந்திருக்கும் பெரிய முதுகுத்தசை வேலை செய்வதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பலகைக்கு அடியில் கை குறுக்கே போனால் பலகை ஆடும். அலைகளைத் தாண்டி உள்ளே போகும்போது நிதானமான நீண்ட இழுப்புகளே போதும். அலை பலகையின் வாலைத் தூக்கும் அந்தக் கணத்துக்கு வேகத்தை மிச்சம் வையுங்கள்.

கரையில் பயிற்சி

துழாவல் நெஞ்சுத்தசையையும் கையை உள்பக்கம் திருப்பும் தசைகளையும் வளர்க்கும்; எதிர்ப்பக்கத் தசைகள் பின்தங்கும். வாரம் இரண்டு மூன்று நாள் ரப்பர் பட்டையை நெஞ்சை நோக்கி இழுப்பதும், முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்பக்கம் திருப்புவதும் அதைச் சரிக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம்?

ஓரிரு நாளில் தணியும் தசைவலி சாதாரணம். வலிக்கும் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறது, கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அரிதான, ஆனால் ஆபத்தான ஒன்றும் உண்டு. 2004இல் ஹவாய் மருத்துவர்கள் விவரித்த தண்டுவடப் பாதிப்பு அது. பெரும்பாலும் முதன்முறை பலகையில் படுப்பவர்களுக்கே வருகிறது. நெடுநேரம் முதுகை வளைத்துக் கிடப்பதால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதே காரணம் என்று கருதப்படுகிறது. அடிபடாமலேயே திடீர் முதுகுவலி, கால் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை அறிகுறிகள். ‘கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்’ என்று மறுபடி படுக்காதீர்கள். உடனே கரையேறி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதல் வகுப்பில் அவ்வப்போது பலகைமேல் எழுந்து உட்கார்ந்து முதுகுக்கு ஓய்வு கொடுப்பது நல்லது.