சார், நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?

தாம்பரத்துக்குக் கிழக்கே குடியிருப்பவர்கள் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதில்லை. போனில் பேசிக்கொண்டிருப்பவர் ‘ஒரு நிமிஷம்’ என்று நிறுத்துவார். மொட்டைமாடிக்கு மேல் பயிற்சி விமானம் வட்டமடித்துக் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் இதுதான் வழக்கம். விமானப்படை என்பது எங்களுக்கு வீரம், தியாகம் என்கிற பெரிய சமாசாரமல்ல. பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களுக்கு உறைத்த நாள் 2019 பிப்ரவரி 27. அன்று எல்லார் போனிலும் ஒரே வீடியோ. கண்ணைக் கட்டி, முகமெல்லாம் ரத்தத்தோடு ஒரு விமானி. பெயர், பதவி, படை எண் சொல்கிறார். மேலே கேட்டால், இவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்கிறார். அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்கிறார், அதுவும் மரியாதையாக: நான் பாகிஸ்தான் ராணுவத்திடம்தான் இருக்கிறேனா?

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வீடியோ வந்தது. கட்டு அவிழ்த்தாயிற்று. கையில் டீ. இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார் ஒரு மேஜர். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, தெற்குப் பக்கம் என்கிறார் விமானி. கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது. எந்த விமானம் ஓட்டினீர்கள்? மன்னிக்கவும் மேஜர், அதை நான் சொல்லக் கூடாது. ஆனால் உடைந்த பாகங்கள் உங்களுக்குக் கிடைத்திருக்குமே. என்ன பணிக்காக வந்தீர்கள்? மன்னிக்கவும், அதையும் சொல்லக் கூடாது. டீ எப்படி இருக்கிறது? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முழுப் பதில்: பிரமாதம், நன்றி.

அந்த ‘தெற்குப் பக்கம்’ எங்கள் பக்கம். விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமானின் குடும்பத்துக்குப் பூர்வீகம் திருவண்ணாமலை மாவட்டத்துத் திருப்பனமூர். பெற்றோர் குடியிருந்தது தாம்பரத்தை ஒட்டிய புறநகரில். அப்பா சிம்மக்குட்டி வர்தமான், ஏர் மார்ஷலாக ஓய்வு பெற்றவர். மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ 2017-ல் வந்தபோது விமானப்படை விவரங்களுக்கு ஆலோசகராக இருந்தவரும் அவர்தான். பாகிஸ்தானில் சிறைப்படும் இந்திய விமானியின் கதை அது. இரண்டு வருடம் கழித்து வீட்டு வாசலில் டிவி வேன்கள் வரிசை கட்டி நின்றன. மகனை அழைத்துவர டெல்லிக்குப் பறந்த பெற்றோர் இறங்கும்போது, கூட வந்த பயணிகள் எழுந்து நின்று கைதட்டி வழிவிட்டார்கள்.

அந்த டீ வீடியோவை அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்திருப்பேனோ. ஒவ்வொரு தடவையும் அமெரிக்காவின் ஒரு பழைய டிவி விளையாட்டுதான் நினைவுக்கு வருகிறது. ‘வாட்ஸ் மை லைன்?’ என்று பெயர். நம் பாஷையில் சொன்னால், ‘என் தொழில் என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்’. சிபிஎஸ் சேனலில் 1950 பிப்ரவரியில் ஆரம்பித்து 1967 செப்டம்பர் வரை ஓடியது. ஒரு ஆள் வருவார், கரும்பலகையில் பெயர் எழுதுவார், உட்காருவார். எதிரே நாலு பிரபலங்கள். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்வி கேட்டே அவர்கள் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் நடத்துனர் ஜான் டேலி ஒரு அட்டையைத் திருப்புவார், வந்தவருக்கு 5 டாலர். பத்து ‘இல்லை’ வாங்கிவிட்டால் 50 டாலரோடு அவர் ஜெயித்தார். பிரபலமானவர் விருந்தாளியாக வரும்போது மட்டும் நாலு பேர் கண்ணையும் கட்டிவிடுவார்கள்.

தொழில் என்னவென்று வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். சிரிப்பே அங்குதான். பாட்டி மாதிரி இருப்பவர் பாம்பு பிடிப்பார், பயில்வான் மாதிரி இருப்பவர் குழந்தைச் சட்டை தைப்பார். இந்த முகத்துக்கு இந்த வேலைதான் என்று ஒரு அட்டவணை எல்லார் மண்டைக்குள்ளும் இருக்கிறதல்லவா? அதைக் காசு கொடுத்துக் கலைப்பதுதான் விளையாட்டு.

இப்போது அந்த நாற்காலியில் ஒரு கறுப்பின ராணுவ விமானியை, மஃப்டியில், உட்கார வைத்துப் பாருங்கள். வருடம் 1950-களில் ஏதோ ஒன்று. பத்து அட்டையும் திரும்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அன்றைய அமெரிக்காவின் அட்டவணை அப்படி. கறுப்பர்களுக்குச் சிக்கலான ராணுவப் பொறுப்புகளுக்கான திறமை கிடையாது என்று 1925-லேயே ராணுவப் போர்க் கல்லூரி அறிக்கை எழுதி வைத்திருந்தது. ராணுவத்தில் விமானி ஆவதற்கு அவர்களுக்கு 1941 வரை வழியே இல்லை. பிறகு அலபாமாவில் டஸ்கீகி என்ற ஊரில் தனியாக ஒரு பயிற்சித் தளம் போட்டார்கள். ‘சோதனை’ என்றுதான் அதற்குப் பெயர். போர் முடிந்த மறு வருடம் வரை அங்கே பயிற்சி முடித்த விமானிகள் 992 பேர். விமானத்தின் வாலுக்குச் சிவப்பு பூசிக்கொண்டு ஐரோப்பா வானத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் போனவர்கள் இவர்கள்தான். அவர்களை வழிநடத்திய பெஞ்சமின் டேவிஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் படித்த நான்கு வருடமும் சக மாணவர்கள் யாரும் அவரிடம் பேசவில்லை. அறையில் தனி, சாப்பாட்டு மேஜையிலும் தனி.

படைகளில் நிறப் பிரிவினை கூடாது என்று ட்ரூமன் ஆணை போட்டது 1948 ஜூலை 26-ல். அடுத்த வருடம் லாஸ் வேகாஸ் அருகே விமானப்படையின் குறிபார்த்துச் சுடும் போட்டி. புரொபெல்லர் விமானப் பிரிவில் ஜெயித்தது டஸ்கீகிக்காரர்களின் அணி. ஆனால் விமானப்படை ஆண்டு மலரில் அந்த வருடத்து வெற்றியாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியவில்லை’ என்றே பல ஆண்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தது. கோப்பையும் காணாமல் போய், வெகுகாலம் கழித்து ஒரு அருங்காட்சியகக் கிடங்கில் கிடைத்தது. வென்றவன் யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு நாற்பது வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது!

இன்னொருவர் அந்த அட்டவணையை வேறு விதமாக ஏமாற்றினார். மார்லன் கிரீன். ஒன்பது வருடம் அமெரிக்க விமானப்படையில் ஓட்டியவர். 1957-ல் காண்டினென்டல் விமான நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டபோது, இனம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை, போட்டோவும் ஒட்டவில்லை. பறந்த மணிக்கணக்கு மட்டும் காகிதத்தில் இருந்தது. உடனே நேர்காணலுக்கு அழைப்பு. ஆள் நேரில் போய் நின்றார். அவரைவிடக் குறைவாகப் பறந்த வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது. வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்; 1963 ஏப்ரலில் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். விமானி அறையில் உட்கார 1965 ஆயிற்று. அதே நிறுவனம் 2010-ல் ஒரு போயிங் 737-க்கு அவர் பெயரை வைத்தது.

விண்ணப்பத்தில் அவர் காலியாக விட்ட அந்தக் கட்டம்தான் எனக்கு ‘வாட்ஸ் மை லைன்?’ நிகழ்ச்சியின் கண்கட்டாகத் தெரிகிறது. முகம் தெரியாதவரை எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

ஆனால் 2019-ல் கண்கட்டு இடம் மாறிவிட்டது. கேள்வி கேட்பவர் கண் திறந்திருக்க, பதில் சொல்பவர் கண் கட்டியிருந்தது. தொழில் என்ன என்று யாரும் யூகிக்க வேண்டியதில்லை; விழுந்த மிக்-21 பைசனே சொல்லிவிட்டது. ஜெனீவா உடன்படிக்கைப்படி போர்க் கைதி சொல்ல வேண்டியவை பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவை மட்டுமே. கைதியை ஊரார் வேடிக்கைக்குக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. அது அன்று காற்றில் போயிற்று. வேடிக்கை பார்த்தவர்களில் எல்லைக்கு இந்தப் பக்கத்து நாமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நானும்தான் ஃபார்வர்டு செய்தேன்.

அபிநந்தனுக்கு கேமரா புதிதல்ல. 2011-ல் என்டிடிவி குட் டைம்ஸ் நிகழ்ச்சி ஒன்றில், சுகோய் ஓட்டும் இளம் விமானியாக, சிரித்த முகத்தோடு வந்தவர். சுகோய் விமானிக்கு என்ன தேவை என்று கேட்டதற்கு, திமிர் வேண்டும் என்கிற அர்த்தத்தில் விளையாட்டாக ஒன்று சொன்னார். அது டிவி ஷோ. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லலாம். எட்டு வருடம் கழித்து நடந்ததில் சொல்லாமல் விட்ட பதில்களுக்குத்தான் மார்க். மார்ச் 1 இரவு வாகா வழியாக நடந்து வந்தார். தாடையை வளைத்துக்கொண்டு ஏறும் அந்த மீசைக்கு சலூன்களில் கிராக்கி வந்தது. அந்த வருடமே கராச்சி விமானப்படை அருங்காட்சியகத்தில் அவரைப் போல ஒரு பொம்மை செய்து, டீ கோப்பையோடு வைத்தார்கள். இங்கே வீர் சக்ரா. அங்கே பொம்மை. இரண்டும் ஒரே நாளிலிருந்து பிறந்தவை.

உண்மையான வினாடி வினா மேடையில் நம் விமானி ஒருவர் உட்கார்ந்ததும் நடந்தது. 2025 ஆகஸ்ட் 15, ‘கௌன் பனேகா கரோர்பதி’. அமிதாப் பச்சன் எதிரே சீருடையில் மூன்று பெண் அதிகாரிகள்: ராணுவத்தின் கர்னல் சோஃபியா குரேஷி, விமானப்படையின் விங் கமாண்டர் வியோமிகா சிங், கடற்படையின் கமாண்டர் பிரேரணா தியோஸ்தலி. வியோமிகா ஹெலிகாப்டர் விமானி. சேத்தக், சீட்டா ஓட்டியவர். அந்த மே மாதம் 7-ம் தேதி காலை, ஆபரேஷன் சிந்தூர் பற்றிப் பத்திரிகையாளர்களிடம் சோஃபியாவோடு சேர்ந்து பேசியவர்.

விளம்பரத் துண்டு வெளியானதுமே சண்டை கிளம்பிவிட்டது. தனியார் சேனலின் பணப் போட்டி மேடைக்கு சீருடையோடு போகலாமா என்று ஓய்வு பெற்ற அதிகாரிகளே கேட்டார்கள். கேள்வி நியாயமானது. சேனல் அவர்களை அழைத்தது பொது அறிவுக்காக அல்ல என்பது குழந்தைக்கும் தெரியும். ‘வாட்ஸ் மை லைன்?’ நிகழ்ச்சியில் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விளையாட முடியும். இங்கே சீருடைதான் நிகழ்ச்சியே.

ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது மே மாதமே நடந்துவிட்டது. அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மூத்த அரசியல்வாதி மேடையேறி, வியோமிகா என்ன சாதி என்று பெயர் சொல்லி அறிவித்தார். திட்டுவதற்காக அல்ல, ஆதரிப்பதற்காகவாம். சோஃபியாவின் மதத்தை வைத்து மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் பேசிய பேச்சுக்கு, வழக்குப் பதியச் சொல்லி உயர் நீதிமன்றமே தானாக உத்தரவிட்டது. அமெரிக்கர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொழிலை யூகித்தார்கள். நமக்குத் தொழில் கண்ணெதிரே, தோள்பட்டையில், நெஞ்சில், எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அப்புறமும் நம் ஆட்டம் முடியவில்லை. 2016 ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வாங்கிய நேரத்தில் கூகிளில் அவர் சாதியைத் தேடிய தேசம் இது. ‘உங்களுக்குச் சொந்த ஊர்?’ என்று தமிழில் கேட்கும் கேள்வி எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா என்ன? தெற்குப் பக்கம் என்று அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தாம்பரத்தைப் பற்றி ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. இங்கே இருப்பது விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி அல்ல. கற்றுத்தருகிறவர்களுக்குக் கற்றுத்தரும் பள்ளி. பறப்புப் பயிற்றுநர் பள்ளி 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. இங்கே படித்தவர்தான் போய் புதிய பையன்களுக்கும் பெண்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார். எங்கள் தலைக்கு மேல் வட்டமடிப்பவர், தரைக்கும் வானத்துக்கும் நடுவில், வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்.

கேமரா மட்டும் பெரும்பாலும் கெட்ட செய்திக்குத்தான் இங்கே வரும். 2016 ஜூலை 22-ல் 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 இந்த ஓடுதளத்திலிருந்து போனதுதான். ஏழரை வருடம் கழித்து, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம் அதன் சிதைவுகளை 3,400 மீட்டர் ஆழத்தில் படம் பிடித்தது. நல்ல செய்திக்கு வந்ததென்றால், 2024 அக்டோபர் 8 விமானப்படை நாள் அணிவகுப்புக்கு வந்ததைச் சொல்லலாம். அந்த வாரம் முழுக்க எங்கள் மொட்டைமாடிகளிலும் ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள், வெட்கமாகத்தான் இருந்தது.

இந்தப் பள்ளிக்கு நட்பு நாடுகளின் அதிகாரிகளும் படிக்க வருவதுண்டு. அதைத் தெரிந்தவன் என்பதால்தான் போன மழைக்காலத்தில் ஷேர் ஆட்டோவில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. கிழக்கு தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஏறினோம். எதிர் சீட்டில் ஆப்பிரிக்க இளைஞர் ஒருவர். ஜீன்ஸ், டி-ஷர்ட், ஒட்ட வெட்டிய முடி, முதுகு வளையாமல் உட்கார்ந்த விதம். இந்தப் பக்கக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் நிறையப் பேர் உண்டு. கூடை வைத்திருந்த அம்மா என் காதில், ‘ஃபுட்பால் ஆடற பையனா இருக்கும்’ என்றார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, ‘காலேஜா தம்பி?’ என்றார். இளைஞர் சிரித்துத் தலையாட்டினார். ஆமாம் என்றா, புரியவில்லை என்றா தெரியவில்லை. என் மனசிலும் ஒரு அட்டை திரும்பியது.

சேலையூர் போகும் வழியில் விமானப்படைத் தள வாசல் வந்ததும் கையைக் காட்டினார். இறங்கி, இருபது ரூபாய் கொடுத்து, மீதி வாங்காமல் நடந்தார். பின்பாக்கெட்டிலிருந்து ஏதோ அட்டையை எடுத்தபடி காவலரை நோக்கிப் போனார். காவலர் சல்யூட் அடித்தாரா என்று பார்க்க நானும் அந்த அம்மாவும் ஒரே நேரத்தில் எட்டினோம். அதற்குள் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க, டிரைவர் கியரைப் போட்டு, ‘கேம்ப் ரோடு, கேம்ப் ரோடு’ என்று கத்திக்கொண்டே கிளம்பிவிட்டார்.