‘நல்ல கஸ்டமர்’ என்றால் யார்?

‘மூணு மாசமா எதுவும் வாங்காத நல்ல கஸ்டமர்களை எடுத்துக் கொடு.’

இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடையில் மார்க்கெட்டிங் பார்க்கும் பெண் இப்படி ஒரு வரியைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில விநாடிகளில் பட்டியல் தயார். மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் கூடவே வந்துவிடும். கிளாவியோ, சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்களில் ஏ.ஐ. மூலம் இந்த வசதி வந்துவிட்டது. யாருக்கு எந்தச் செய்தி போக வேண்டும் என்று வாடிக்கையாளர்களைக் குழு குழுவாகப் பிரிக்கும் இந்த வேலைக்குத் துறையில் ‘செக்மென்ட் போடுவது’ என்று பெயர்.

இதே பட்டியலுக்கு முன்பெல்லாம் எக்ஸெல்லில் ஃபில்டர் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். முடியாவிட்டால் டேட்டா டீமுக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர்கள் எஸ்.க்யூ.எல். எழுதிப் பட்டியலை அனுப்புவதற்குள் ஆடித் தள்ளுபடியே முடிந்திருக்கும்.

ஆட்களை வகை பிரிக்கும் யோசனைக்கு வயதாகிவிட்டது. அமெரிக்காவில் வெண்டெல் ஸ்மித் 1956இல் எழுதிய கட்டுரைதான் அதற்கு எழுத்தில் ஓர் உருவம் கொடுத்தது. 1970களில் கிளாரிட்டாஸ் நிறுவனத்தின் ஜோனதன் ராபின், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து அந்த நாட்டின் ஜிப் கோடுகளை 40 வகைகளாகப் பிரித்தார். ‘ஷாட்கன்ஸ் அண்டு பிக்கப்ஸ்’, ‘புளூ பிளட் எஸ்டேட்ஸ்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். நீங்கள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்களோ, அதுதான் நீங்கள்! தபாலில் கேட்டலாக் அனுப்பி வியாபாரம் செய்தவர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள்: கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார். இன்றைய ஏ.ஐ.யும் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறது.

அது எப்படி என்று பார்ப்போம். நீங்கள் தட்டிய வரியை மெஷின் முதலில் நிபந்தனைகளாக உடைக்கிறது. ‘மூணு மாசம்’ என்பது 90 நாள். ‘வாங்காத’ என்றால் அந்த நாட்களில் ஆர்டர் எண்ணிக்கை 0. சரி, ‘நல்ல’? கடையின் டேட்டாவில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. எனவே மெஷின் தானாக ஒன்றை ஊகித்துப் போடுகிறது. இதுவரை 3 ஆர்டராவது போட்டவர் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அதே வரியைக் கொஞ்சம் மாற்றித் தட்டினால் ஊகமும் மாறலாம். கிளாவியோ போன்றவற்றில் இந்த நிபந்தனைகள் திரையிலேயே தெரிகின்றன, திருத்தவும் முடியும். ஆனால், எண்ணிக்கையைப் பார்த்த சந்தோஷத்தில் அவற்றைப் படிக்காமலே ‘சேவ்’ பட்டனை அழுத்திவிடுகிறோம். என் புகார் அங்கேதான்.

3 ஆர்டர் என்ற ஊகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கேஷ் ஆன் டெலிவரி என்று ஒன்று இருக்கிறது. ஆர்டர் போடுவார், கூரியர்காரர் வாசலில் வந்து நிற்கும்போது ‘வேண்டாம்ப்பா, திருப்பி எடுத்துட்டுப் போ’ என்பார். ஆன்லைன் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது இதைத்தான். போக ஒரு கூரியர் செலவு, வர ஒரு கூரியர் செலவு. இப்படி மூன்று முறை செய்தவரும் ‘ஆர்டர் போட்டவர்’ கணக்கில் மூன்று முறை ஏறியிருப்பார். மெஷின் கண்ணுக்கு அவர் நல்ல கஸ்டமர்! ‘உங்களை மிஸ் பண்றோம்’ என்று அவருக்கு 20 சதவிகிதக் கூப்பன் போகும். மகள் கல்யாணத்துக்கு ஒரே ஆர்டரில் ஐந்து பட்டுச்சேலை எடுத்த அம்மா பட்டியலிலேயே இருக்க மாட்டார். ஏனென்றால், அவர் போட்டது ஒரே ஒரு ஆர்டர்.

இன்னொரு பெண் போன முறை கணவரின் நம்பரைக் கொடுத்தார், இந்த முறை தன் நம்பரைக் கொடுத்தார். டேட்டாவில் அவர் இரண்டு பேர். போன வாரம்தான் சேலை வாங்கியிருப்பார். ஆனாலும் ‘ஏன் வரவே மாட்டேங்கறீங்க?’ என்று வீட்டுக்குச் செய்தி வரும்.

‘ஆர்வமா இருக்கறவங்களை எடு’ என்றால் நிலைமை இன்னும் மோசம். மெயிலைத் திறந்தவர்தான் ஆர்வமானவர் என்று மெஷின் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மெயிலுக்குள் ஒளித்துவைத்த ஒரு பொடிப் படம் லோடு ஆனால் ‘திறந்தார்’ என்று பதிவாகும். ஆப்பிள் 2021இல் ஐ.ஓ.எஸ். 15-உடன் கொண்டுவந்த தனியுரிமை வசதியை வைத்திருப்பவர்களுக்கு, அந்தப் படத்தை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. மெயிலைக் கண்ணால்கூடப் பார்க்காத அந்த ஐபோன்காரர்களும் ஆர்வலர்கள் ஆகிவிடுவார்கள். லிங்க்கை கிளிக் செய்தவர்கள் என்று கேட்டால் ஓரளவு தேறும்.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? ‘கடந்த 12 மாதத்தில் டெலிவரி ஆன ஆர்டர் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அல்லது ஒரே ஆர்டர் 15,000 ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும். திருப்பி அனுப்பியதைக் கழித்துவிடு. கடைசி டெலிவரி ஆகி 90 நாள் தாண்டியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் மட்டும். இந்த மாதம் ஏற்கெனவே கூப்பன் வாங்கியவர்கள் வேண்டாம்.’

டேட்டா டீமில் இருந்தவர் போனில் நம்மைக் குடைந்து குடைந்து கேட்டதெல்லாம் இதைத்தான். ‘நல்லன்னா என்ன மேடம்? ரிட்டர்ன் சேர்த்தா, சேர்க்காமலா?’ என்று அவர் கேட்கும்போது எரிச்சலாக இருந்திருக்கும். மெஷின் அப்படிக் குடைவதில்லை. பதிலையும் தானே எழுதிக்கொள்கிறது. ‘தெளிவில்லாததை முதலில் என்னிடம் கேள், நீயாக ஊகித்ததைத் தனியாகச் சொல்’ என்று பிராம்ப்ட்டின் கடைசியில் சேர்த்துப் பாருங்கள். சாட் போலப் பதில் சொல்லும் கருவிகளில் இதற்குப் பலன் இருக்கிறது.

சேலை விஷயத்தில் ஊகம் தப்பினால் கூப்பன் காசோடு போயிற்று. எல்லாத் தொழிலிலும் அப்படி இல்லை. ‘வசதியானவங்களை எடு’ என்றால், வருமானக் கணக்கு கையில் இல்லாத மெஷின் பின்கோடைப் பிடித்துக்கொள்ளலாம். மறுபடியும் அதே கிளாரிட்டாஸ் கதை. வீட்டுக் கடன் விளம்பரத்துக்கு இதைச் செய்தால், ஏழைகள் இருக்கும் பகுதிக்குச் சேதியே போகாது. ஃபேஸ்புக் இதில் நன்றாகவே மாட்டியது. வீட்டு விளம்பரத்தைக் குறிப்பிட்ட இனத்தவர் கண்ணில் படாமல் மறைக்க அங்கே வழி இருப்பதை புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2016இல் அம்பலப்படுத்தியது. 2019 மார்ச்சில் மனித உரிமை அமைப்புகளோடு செய்துகொண்ட சமரசத்தில், வீடு, வேலை, கடன் விளம்பரங்களை வயது, பாலினம், ஜிப் கோடு பார்த்துக் குறிவைக்க விடமாட்டோம் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். ‘காலேஜ், ஸ்கூல் பசங்களை எடு’ என்று யோசிக்காமல் தட்டுகிறவர்கள் கவனிக்கவும்.

பட்டியல் வந்ததும் அதிலிருந்து ஐந்து பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அவர்களுடைய ஆர்டர்களைத் திறந்து பார்ப்பது நல்லது. ஐந்தில் இரண்டு பேர் ஆர்.டி.ஓ. ஆசாமிகள் என்றால் நிபந்தனையைத் திருத்த வேண்டும். இன்னொன்றும் செய்யலாம்: பத்தில் ஒருவருக்குக் கூப்பன் அனுப்பாமல் விட்டுவையுங்கள். அவர்களும் மற்றவர்கள் அளவுக்கே வாங்கினால், கூப்பனுக்குக் கொடுத்த காசு வீண். ஆனால், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இந்தச் சோதனையை வைக்காதீர்கள். அப்போது நீங்கள் செய்தி அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் ஊரே துணி எடுக்கும்.