வாணலி எண்ணெயில் ஓடிய வண்டி

போன தீபாவளிக்கு மறுநாள் எங்கள் அடுப்பங்கரையில் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையப் பழைய எண்ணெய் இருந்தது. முறுக்கு, அதிரசம், சோமாசி எல்லாம் சுட்டெடுத்த மிச்சம். அப்பளம் பொரிக்க வைத்துக்கொள்வதா, கொட்டிவிடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது என் கொழுந்தன் உள்ளே வந்தார்.

"அண்ணி, அதைக் கொட்டிடாதீங்க. வண்டிக்கு ஊத்திப் பார்க்கலாம்" என்றார்.

"வண்டி என்ன முறுக்கா சுடப் போகுது?" என்று சிரித்துவிட்டேன். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஜீயபுரம். திருச்சியிலிருந்து கரூர் போகிற சாலையில், காவிரிக் கரையில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் வாழைதான். கொழுந்தன் ஒரு பழைய டீசல் மினி லாரி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே தாரை ஏற்றிக்கொண்டு போய்க் காந்தி மார்க்கெட்டில் இறக்குவார். டீசல் விலை ஏறுகிற வேகத்துக்கு வாடகை ஏறவில்லை என்பது அவருடைய தீராத குறை.

எண்ணெயில் வண்டி ஓடுமா என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற என் மகனைக் கேட்டேன். அவன் புத்தகம் பார்த்துச் சொன்னது எனக்கே வியப்பாக இருந்தது. இந்த இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர். அவர் பெயர்தான் எண்ணெய்க்கும் வந்துவிட்டது. 1900-இல் பாரிஸில் நடந்த பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களாம்! நம் வீட்டுக் கடலை எண்ணெய்தான், சகோதரிகளே. ஆகஸ்ட் 10-ஆம் தேதியை உயிரி எரிபொருள் தினம் என்று கொண்டாடுவதும் டீசல் அவர்களை நினைத்துத்தான். ஆனால் இன்று கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு அதை வண்டிக்கு ஊற்றினால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அதனால்தான் எல்லோருடைய கண்ணும் பொரித்து முடித்த எண்ணெய் மேல் விழுகிறது.

கொழுந்தனும் அதையேதான் செய்தார். ஒரு சிப்ஸ் கடையிலிருந்து ஒரு டின் பழைய எண்ணெய் வாங்கி வந்தார். என் தூக்கு எண்ணெயையும் சேர்த்து, பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, டீசலோடு கலந்து டாங்கியில் ஊற்றினார். வண்டி ஓடியது! புகையில் வடை வாசனை. தெருப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. துணிச்சல் வந்து எண்ணெயின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். மார்கழி பிறந்தது. ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்குப் பூவன் தார் நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி, முத்தரசநல்லூர் போய்ச் சேர்வதற்குள் இருமி, முக்கி, நின்றே போனது. வேறு வண்டி பிடித்துச் சரக்கு மார்க்கெட்டுக்குப் போனபோது ஏலம் முடிந்துவிட்டது. வந்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அந்த நஷ்டமும் மெக்கானிக் கூலியும் சேர்ந்து, என் ஓரகத்தியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மெக்கானிக் பில்டரைக் கழற்றிக் காட்டினார். உறைந்த நெய் மாதிரி அப்பியிருந்தது. "அம்மா, இது பாமாயிலு. பனி பட்டா இறுகிடும்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். எந்தச் சமையல் எண்ணெயும் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. நாசிலில் பனி போலத் தெளிக்க வேண்டியது, சொட்டுச் சொட்டாக விழுகிறது. சரியாக எரியாமல் கரி பிடிக்கிறது. கொஞ்சம் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்து அதையும் பிசினாக்குகிறது. நம் பழைய வாணலியின் விளிம்பில், தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசுக்கு இருக்குமே, அதுவேதான் இன்ஜினுக்குள்ளும்!

வெளிநாடுகளில் சிலர் இப்படியே ஓட்டுகிறார்களாம். ஆனால் வண்டியில் இரண்டு டாங்கி வைத்திருப்பார்கள். டீசலில் கிளப்பி, இன்ஜின் சூட்டிலேயே எண்ணெயைக் காய்ச்சி இளக்கி, பிறகு எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வந்துவிடுவார்கள். 2020-க்குப் பிறகு வந்த புது வண்டிகளில் இதெல்லாம் நினைத்தே பார்க்கக் கூடாது என்றார் மெக்கானிக்.

முறையான வழி, எண்ணெயை பயோடீசலாக மாற்றுவது. 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால், கிளிசரின் அடியில் தங்கி, மேலே இளகிய எண்ணெய் தெளிந்து நிற்கும். அதுதான் பயோடீசல். படித்தவுடன் நம் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டவே வேண்டாம்! மெத்தனால் பொல்லாத விஷம். சிறிது உள்ளே போனாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். எளிதில் தீப்பற்றும். தொழிற்சாலையில் செய்ய வேண்டிய வேலை அது.

பெரிய அளவில் இதெல்லாம் நடந்துதான் இருக்கிறது. 2002 டிசம்பர் 31-ஆம் தேதி டெல்லி – அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை, 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். கர்நாடகத்தில் கக்கனஹள்ளி என்ற கிராமத்தில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானமே காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் காட்டாமணக்கை ஆசை ஆசையாக நட்டார்கள். எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. வேலியோரம் இன்னும் நிற்கிறது. இளம் தாய்மார்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அதன் கொட்டை ருசியாக இருக்கும் என்று குழந்தைகள் தின்றுவிடுவார்கள். வாந்தியும் பேதியும் பிடுங்கும். தின்றது தெரிந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வண்டி கதை முடிந்தது என்று நினைத்தேன். பொங்கலுக்கு முன்பு, கேனோடு வண்டியில் ஒருவர் வந்தார். "பழைய எண்ணெய் இருக்காம்மா? நல்ல விலை தரேன்" என்றார். "எதுக்குங்க? வண்டிக்கா?" என்று கேட்டேன். "வண்டிக்கா? யாரும்மா இவ்வளவு விலை கொடுத்து வண்டிக்கு ஊத்துவாங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிறகு எங்கே போகிறது? எனக்குப் பகீர் என்றது. இன்ஜினுக்கே ஆகாத எண்ணெய், சாயங்காலம் பஜ்ஜியாக மறுபடி நம் பிள்ளைகள் வாய்க்கு வருமோ?

இதற்குச் சட்டம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேருகிற கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. தினம் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள் கணக்கு எழுதி வைத்து, அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். அது பயோடீசல் ஆலைக்குப் போகும். 'ரூகோ' என்று இந்தத் திட்டத்துக்குப் பெயர். ஆனால் சின்னக் கடைகளும் நம் வீடுகளும் அந்தக் கணக்கில் வருவதில்லையே!

வீட்டில் எண்ணெய் கெட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நிறம் கறுத்து, தொட்டால் பிசுபிசுத்து, அடுப்பில் வைத்ததுமே புகைந்து, பண்டம் போட்டால் நுரை அடங்காமல் பொங்கினால் அது ஆகாது. அதில் புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். நானே இருபது வருஷம் செய்தேன். புதியதும் சேர்ந்து சீக்கிரம் கெடுவதுதான் மிச்சம். ஒரு தடவை பொரித்ததை வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்புக்குச் செலவழித்துவிடலாம். மீந்ததைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய பேப்பரில் ஊறவைத்துக் குப்பையில் சேர்ப்பது மேல்.

கொழுந்தன் இப்போது டீசல்தான் போடுகிறார். கம்மல் சித்திரையில் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தத் தீபாவளிக்குப் பெரிய வாணலியைப் பரணிலேயே விட்டுவிட்டு, சின்ன வாணலியில் அரை லிட்டர் வைத்து முறுக்கு சுட்டேன். ஓரகத்தி பிழிய, நான் எடுக்க, ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. கடைசியில் மிஞ்சியது ஒன்றரைக் கரண்டி.